ஸ்லைடு வால்வின் முதுகுச் சுமையைக் குறைத்த விதம்

அம்பாசமுத்திரத்தில் நெல் அவிக்கும் கொதிகலனின் நீராவியில் ஓடும்படி நான் செப்பனிட்ட சிறிய என்ஜினில், சிலிண்டருக்குள் நீராவியை மாறி மாறி விடும் நகரும் மூடியான, 7 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் கொண்ட ஸ்லைடு வால்வின் முதுகைச் சதுர செ.மீ.க்கு 3 கிலோ அழுத்தம் ஏறத்தாழ 126 கிலோவாக அமுக்கியதால், வால்வு உரசி நகரும் தளமான இருக்கை முழுவதும் கீறல் விழுந்து, வால்வை இயக்கும் எக்சென்ட்ரிக் பட்டை கை வைக்க முடியாதபடி சூடேறியது.

வால்வின் முதுகில் வட்டப் பள்ளம் வெட்டி, ஸ்பிரிங்குகளின் மேல் வெண்கல வளையம் ஒன்றை அமர்த்தி, அது வால்வு இருக்கும் நீராவிப் பெட்டியின் மூடியோடு ஒட்டி நகரும்படி செய்தேன்; வளையத்துக்கு உட்பட்ட பரப்பை நீராவி அமுக்காது. உள்ளே கசியும் நீராவி வால்வின் அடியிலுள்ள வெளியேற்றுக் குழிக்கு இறங்க 3 மி.மீ. துளையும் இட்டேன். இத்துளை அடைபட்டால் பழைய சுமை அப்படியே திரும்பிவிடும்.

முதல் வளையம் 5.4 செ.மீ. விட்டம், அது பெரிய தவறு. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறிய கணத்தில் வால்வு இருக்கையை விட்டு எழும்பி, நீராவி நேராக வெளியேற்றுக் குழாயில் சீறியது. 4.4 செ.மீ.க்குக் குறைத்தபோது சுமார் 45 கிலோ மட்டுமே கழிந்தது. வால்வு படிந்து நின்றது. மூடியின் உட்பரப்பை மேடுகளைக் காட்டும் நீலச்சாயம் தடவிச் சுரண்டி, இருக்கைக்கு இணையாக்க இரண்டு நாள் பிடித்தது. அந்த உழைப்பு இல்லையேல் வளையம் எந்த விட்டமானாலும் கசியவே செய்யும்.