காற்றடித்துப் பார்க்காமல் மூடாதீர்கள்: வீட்டில் பிரித்துக் கட்டிய ஆட்டோ கியர் வழுக்கும்போது

போன வாரம் யாங்கூனை (ரங்கூன்) அடுத்த தன்லின் பக்கமிருந்து ஒரு தம்பி டொயோட்டா புரோபாக்ஸ் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். டாக்ஸி ஓடும் வண்டி. கியர்பாக்ஸை வீட்டுக் கொட்டகையிலேயே இறக்கி, பிரித்து, புதுக் கிளட்ச் தட்டுகள் போட்டு, அவனே திரும்பக் கட்டியிருக்கிறான்.

"காலையில நல்லாத்தான் போகுது சயா (வாத்தியாரே). பாலம் தாண்டி ட்ராஃபிக்ல நின்னு சூடாச்சுன்னா இஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. ரிவர்ஸ் மட்டும் ஜோரா இழுக்குது."

அவன் சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. 20 வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு. இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் அதே தப்போடு என் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். போல்ட்டைத் தொலைப்பது, பழைய கேஸ்கட்டையே போடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதெல்லாம் யாருக்கும் தெரியும்.

எங்கள் ஊரான யாங்கூனில் 2011-க்குப் பிறகு ஜப்பான் வண்டிகள் வந்து குவிந்த வேகத்தில் ஆட்டோ கியரும் பெருகிவிட்டது. ஆனால் அதைப் பிரிக்கும் கைகள் பெரும்பாலும் கை கியரில் பழகிய கைகள். கை கியரில் பல் பல்லோடு சேர்ந்தால் வேலை முடிந்தது. ஆட்டோவில் பல் உடைவது அபூர்வம். அங்கே வண்டியை இழுப்பது எண்ணெய் அழுத்தம். பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது, வால்வ் பாடி அதைப் பங்கிடுகிறது, கிளட்ச் டிரம்முக்குள் இருக்கும் பிஸ்டன் அந்த அழுத்தத்தால் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது. வழுக்கல் என்றால், இந்தப் பாதையில் எங்கேயோ அழுத்தம் ஒழுகுகிறது அல்லது போதவில்லை என்று அர்த்தம். தட்டு புதிதாக இருந்தாலும் நெருக்குகிற பலம் இல்லையென்றால் வழுக்கத்தான் செய்யும்.

எந்த கியரில் என்று எழுதிவைக்காமல் பிரிப்பது

வழுக்குகிறது என்றதும் ஜாக்கைத் தள்ளிக்கொண்டு வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஒரு தாளை எடுங்கள். எந்த கியரில், குளிரிலா சூட்டிலா, ரிவர்ஸ் எப்படி, மேட்டில் எப்படி என்று எழுதுங்கள். டொயோட்டாவின் ஏ340 வகை ஆட்டோ பாக்ஸை வைத்துச் சொல்கிறேன் (சி என்றால் கிளட்ச், பி என்றால் பிரேக், எண் எது என்பதைக் காட்டும்). முன் கியர் எல்லாம் வழுக்கி ரிவர்ஸ் நன்றாக இழுத்தால் சி1 கிளட்ச். 1, 2 சரியாகப் போய் 3-க்கு மாறும்போது இஞ்சின் கத்தி, ரிவர்ஸும் பலவீனமாக இருந்தால் சி2. 3 சரி, ரிவர்ஸ் மட்டும் இல்லை என்றால் பி3 பிரேக். 4-ல் மட்டும் வழுக்கினால் பி0. முன்னும் பின்னும் எல்லாமே வழுக்கினால் முதலில் எண்ணெய் அளவு, ஃபில்டர், பம்ப் அழுத்தம். இந்த ஒரு தாள் இல்லாமல் பாக்ஸை இறக்கினால், எதைத் தேடி இறக்கினோம் என்பதே மறந்துபோய், எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கோளாறை மட்டும் உள்ளேயே விட்டு மூடுவீர்கள். அழுத்தம் பார்க்கும் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. பாக்ஸிலேயே அதற்கென்று ஒரு மூடித் துளை இருக்கிறது.

காற்றடித்துப் பார்க்காமல் மூடுவது

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொந்தமாகத் தொழில் தொடங்கிய இரண்டாம் வருஷம். பர்மியப் புத்தாண்டான தின்ஜானுக்கு இரண்டு நாள் இருந்தது. ஏப்ரல் வெயில், பட்டறை முழுக்க வண்டி. ஒரு 2.5 லிட்டர் டொயோட்டா மார்க் டூ, பாக்ஸ் முழுதாகப் பிரித்து என் மேசைமேல் கிடந்தது. வண்டிக்காரப் பெரியவர் நம் ஆள்தான். குடும்பத்தோடு பீகுவுக்குப் போகணும், மூத்த மகளின் வீட்டில் விசேஷம். தினமும் வந்து, "தம்பி, இன்னைக்கு ராத்திரிக்குள்ள கிடைச்சிடுமா?" என்று கேட்பார். தட்டு போட்டாயிற்று, சீல் போட்டாயிற்று, டிரம்களை உள்ளே இறக்க வேண்டியதுதான். அந்த நேரம் கரண்டு போனது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, கம்ப்ரஸர் டேங்கில் காற்றும் இல்லை. என் குரு எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடமே ஒவ்வொரு டிரம்முக்கும் காற்றடித்துப் பிஸ்டன் நகர்வதைக் கண்ணால் பார்க்காமல் மூடக்கூடாது என்பதுதான். எல்லாம் புது சீல்தானே என்று நினைத்துக்கொண்டு மூடினேன்.

ராத்திரி வண்டியை ஓட்டிப் பார்த்தேன். அழகாகப் போனது. மறுநாள் காலையில் ஆச்சி, பிள்ளைகள், பட்சணம் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பீகு 50 மைல். வழியில் லெகு ஊரைத் தாண்டியதுமே இஞ்சின் கத்த ஆரம்பித்திருக்கிறது. மிதிக்க மிதிக்கக் கத்தியிருக்கிறது. கடைசியில் டியில் (டிரைவ்) போட்டால் நகரவே இல்லை. அந்த வெயிலில் ஆச்சியை ரோட்டோரம் நிறுத்தி, ஆள் ஏற்றிப் போகும் ஒரு லைன் காரைப் பிடித்து ஏற்றி அனுப்பினார்களாம். சாயங்காலம் வண்டி கயிற்றில் என் வாசலுக்கு வந்தது.

பிரித்தேன். சி1 டிரம்மைத் திறந்ததும் கருகல் வாடை. அடுப்பில் மறந்த அப்பளம் மாதிரி தட்டுகள் கறுத்துக் கிடந்தன. நடுவில் இருந்த இரும்புத் தட்டுகள் நீலம் பாய்ந்திருந்தன. பிஸ்டனை எடுத்துப் பார்த்தால், சுற்றிலும் ஓடும் ரப்பர் சீலில் ஒரு சீவல் குறைந்திருந்தது. நகம் வெட்டினால் விழுமே, அந்த அளவுதான். பிஸ்டனை உள்ளே அழுத்தும்போது டிரம்மின் பள்ளத்து ஓரம் சீவிவிட்டிருக்கிறது.

அந்தச் சீவல் என்ன செய்தது என்று பாருங்கள். எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருக்கும், சின்ன இடுக்கில் மெதுவாகத்தான் ஒழுகும். அதனால் ராத்திரி ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. சூடேறி எண்ணெய் நீர்த்ததும் அதே இடுக்கில் நிறைய ஒழுக, பிஸ்டனுக்குப் பின்னால் அழுத்தம் இறங்கிவிட்டது. தட்டு அரைகுறையாகப் பிடித்தது. அரைகுறையாகப் பிடித்தால் உராயும், உராய்ந்தால் இன்னும் சூடு, இன்னும் ஒழுக்கு. குளிரில் நல்லது, சூட்டில் வழுக்கல், பிரித்துக் கட்டிய பிறகுதான் இப்படி: இந்த மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தேகம் சீல்மேல்தான் போக வேண்டும்.

இருப்பதிலேயே விலை குறைந்த சாமான் அந்த ரப்பர். அது தின்றது புதுத் தட்டு முழுவதையும், இரும்புத் தட்டையும், எண்ணெயையும். கருகிய தூள் வால்வ் பாடி, இஞ்சினையும் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் எல்லாவற்றிலும் போய் அடைந்துவிட்டது. மொத்தச் செலவும் என் கையிலிருந்து. பெரியவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதன் பிறகு என் பட்டறைப் பக்கம் வரவும் இல்லை.

ஆகையால், "புது சீல்தானே சயா, காத்து எதுக்கு?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான். சீலை ஏடிஎஃப், அதாவது ஆட்டோ கியர் எண்ணெயில் ஊறவிடுங்கள். டிரம்மின் உள் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள், நகத்தில் சிக்கும் பிசிர் இருந்தால் மெல்லிய சாண்ட்பேப்பரால் நீவுங்கள். உதடு வைத்த சீல் என்றால் உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டனை இரண்டு கையாலும் திருகித் திருகி இறக்குங்கள். சுத்தியலைத் தொடாதீர்கள். உதடு மடங்கினால் மெல்லிய நைலான் தூண்டில் நரம்பை வளையமாக்கிச் சுற்றிலும் உள்ளே தள்ளுங்கள்.

தட்டு, ஸ்பிரிங், பூட்டு வளையம் எல்லாம் போட்ட பிறகு, டிரம்மை அதன் தாங்கியில் உட்கார வைத்து எண்ணெய்த் துளையில் காற்றைக் கொடுங்கள். டொயோட்டா சொல்லும் அளவு 57 முதல் 114 பிஎஸ்ஐ. பிஸ்டன் 'டொப்' என்று ஒரே அடியில் ஏற வேண்டும், காற்றை விட்டதும் திரும்பி உட்கார வேண்டும். தாங்கியில் இருக்கும் வளையங்கள் வழியாகக் கொஞ்சம் காற்று கசிவது சகஜம். பிஸ்டன் சோம்பேறித்தனமாக ஏறினாலோ, ஏறிய பிறகும் டிரம்முக்குள்ளிருந்து 'உஸ்ஸ்' என்று விடாமல் ஒழுகினாலோ திரும்பப் பிரியுங்கள். பிஸ்டன் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதையும் அப்போதே டயல் கேஜ் வைத்து அளந்துவிடலாம். ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு அளவு கையேட்டில் இருக்கிறது. அதைவிட அதிகமானால் தட்டு நெருங்கத் தாமதம், குறைந்தால் விடுபடாமல் உரசும்.

மழைக்காலத்தில் கம்ப்ரஸர் டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கும், முதலில் அதை வடித்துவிடுங்கள். கரண்டை நம்ப முடியாத ஊரில் இருக்கிறோம். தனியாக ஒரு காற்று டேங்க் வாங்கி, கரண்டு இருக்கும்போது நிரப்பி வையுங்கள். என் பட்டறையில் அந்த டேங்க் காலியாக இருந்தால் அன்றைக்கு பாக்ஸ் மூடுவதில்லை. தின்ஜான் ஆனாலும் சரி.

"ஓட ஓடப் பழகிடும்"

பழகாது. கருகும். வழுக்கல் தெரிந்த நிமிஷமே நிறுத்தினால் தட்டு பிழைக்கலாம்.

கேபிளை மறப்பது

பழைய பாக்ஸ்களில் ஆக்ஸிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். கியர் மாறும் நேரத்துக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். ஏ340 மாதிரி பாக்ஸ்களில் எண்ணெய் அழுத்தத்தையே அதுதான் ஏற்றுகிறது. நீங்கள் மிதிக்கிறீர்கள், இஞ்சின் பலம் கூடுகிறது, அதற்கு ஈடாக அழுத்தமும் கூட வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தால் அழுத்தம் கூடாது, மேட்டில் வழுக்கும். முழுக்க மிதித்த நிலையில், கேபிளின் ரப்பர் உறை முனைக்கும் உள்கம்பியில் இருக்கும் தடுப்புக்கும் இடையில் 0 முதல் 1 மில்லிமீட்டர். ஒரு ஆள் மிதிக்க, ஒரு ஆள் பார்க்க, ஐந்து நிமிஷ வேலை. இதைப் பார்க்காமல் பாக்ஸையே இறக்கிய ஆட்களை எனக்குத் தெரியும். புரோபாக்ஸில் இந்தக் கேபிள் இல்லை, அங்கே அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

கன்வெர்ட்டர் உட்காரும் முன் போல்ட்டை இறுக்குவது

டார்க் கன்வெர்ட்டரைத் தள்ளித் திருப்பினால் படிப்படியாக உள்ளே போகும். கடைசிப் படியில்தான் பம்ப்பின் காதுகளில் மாட்டும். அதற்கு முன் நிறுத்திவிட்டு, பாக்ஸை இஞ்சினோடு சேர்த்து போல்ட்டால் இழுத்தால் பம்ப் நசுங்கும். போல்ட் இல்லாமலே பாக்ஸும் இஞ்சினும் கையால் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு கன்வெர்ட்டர் தனியாகக் கையால் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் திரும்ப இறக்குங்கள்.

புதுத் தட்டை உலர்ந்தபடி போடுவது

குறைந்தது 15 நிமிஷம் எண்ணெயில் ஊற வேண்டும் என்பது டொயோட்டா கணக்கு. நான் ராத்திரி முழுக்க ஊற வைப்பேன்.

சேஸிஸ் கிரீஸ்

கட்டும்போது சின்னச் சாமான்கள் இடத்தில் ஒட்டி நிற்க அதைப் பூசக் கூடாது. வாசலின் மட்டும்.

சிவப்பாக இருந்தால் போதும் என்பது

கடையில் டிரம்மிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் சிவப்பு எண்ணெய் எல்லாம் ஒன்றல்ல. பழைய ஏ340-க்கு டெக்ஸ்ரான், 4 கியர் புரோபாக்ஸுக்கு டி-4. பெல்ட்டில் ஓடும் சிவிடி வண்டிக்கு அதற்கென்றே தனி எண்ணெய். அளவு பார்ப்பதும் இதே மாதிரி அலட்சியப்படும் விஷயம். எண்ணெய் 70, 80 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும், இஞ்சின் ஓட வேண்டும், பியிலிருந்து (பார்க்) கடைசி வரை எல்லாக் கியரிலும் ஒரு முறை போட்டு எடுத்து, பியில் வைத்துத்தான் குச்சியை இழுக்க வேண்டும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அதிகமானால் நுரைக்கும். இரண்டிலும் வழுக்கல்தான்.

தண்ணீர் புகுந்த பாக்ஸைத் துடைத்துவிட்டு மூடுவது

ஜூலை மழையில் ரோடு குளமாகும்போது வண்டியை விட்டு எடுப்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. எண்ணெய் ரோஸ் பால் மாதிரி மாறியிருந்தால் உள்ளே தண்ணீர். எண்ணெயை மட்டும் மாற்றி ஓட்டினால் சில மாதம் ஓடும். தட்டின்மேல் இருக்கும் உராய்வுத்தாள் தண்ணீரை உறிஞ்சி, பசை விட்டு, உரிந்து வரும். தண்ணீர் பட்ட தட்டைத் திரும்பப் போடாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் விட்டுப்போய்த் தண்ணீர் கலந்தாலும் இதே நிறம் வரும். அப்போது ரேடியேட்டரை மாற்றாமல் பாக்ஸை மட்டும் கட்டினால் அந்தக் காசும் போச்சு.

ஸ்டால் சோதனையை நீட்டுவது

பிரேக்கை இறுக்கி, டியில் போட்டு முழுக்க மிதித்து இஞ்சின் எதுவரை ஏறுகிறது என்று பார்ப்பது நல்ல சோதனைதான். கையேட்டு அளவைவிட அதிகமாக ஏறினால் உள்ளே வழுக்குகிறது. ஆனால் 5 விநாடிக்கு மேல் கூடாது. பிறகு நியூட்ரலில் ஆற விடுங்கள். தன்லின் தம்பி எதிர் வீட்டுப் பையன்களுக்குக் காட்டுவதற்காகத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறான்.

அவன் பாக்ஸை நேற்றுச் சேர்ந்து பிரித்தோம். முன் கிளட்ச் பிஸ்டன் சீலில் சின்னச் சீவல், அதே மாதிரி. தட்டில் பாதிதான் கருகியிருந்தது, ஆனாலும் முழு செட்டும் மாற்றத்தான் வேண்டும். புது சீலை அவன் கையாலேயே போடச் சொல்லி, காற்றுக் குழாயையும் அவனிடமே கொடுத்தேன். முதல் தடவை 'உஸ்ஸ்'. முகம் சுருங்கிப்போய் என்னைப் பார்த்தான். பிரித்து, ஓரத்தை நீவி, வேறு சீல் போட்டு மறுபடி அடித்தான். 'டொப்'. இன்னும் நாலைந்து தடவை அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்றைக்குக் கூலரையும் அதன் பைப்புகளையும் இரண்டு பக்கமிருந்தும் கழுவிக்கொண்டிருக்கிறான். அதில் வரும் எண்ணெய் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.