போட்டிப் பாறையேற்றத்தில் இறங்கும் பிள்ளைக்கு, டர்பன் மாமா ஒருவரிடமிருந்து

என் அக்கா மகள் சுவர் ஏறும் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தபோது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இதுல சம்பளம் வருமா?" பரிசுப் பணத்தை நம்பி இறங்காதீர்கள். உலக அளவிலான போட்டிச் சுற்றுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும்தான் நடக்கின்றன, அதனால் விமான டிக்கெட்டுக்கே வீட்டுப் பணத்தில் கைவைக்க வேண்டிவரும். ஷூ கம்பெனி ஆதரவு, சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவது, ஜிம் சுவரில் பிடிகளைப் பொருத்திப் பாதை அமைப்பது என்று நாலு பக்கமும் கை நீட்டினால்தான் வண்டி ஓடும். அதனால் படிப்பை விட வேண்டாம்.

வழி இல்லாமலும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் தென்னாப்பிரிக்காவின் கிறிஸ்டோபர் காசரும் எரின் ஸ்டெர்கன்பர்க்கும் இறங்கியது, 2020 டிசம்பரில் கேப்டவுனில் நடந்த ஆப்பிரிக்கப் போட்டியில் ஜெயித்துத்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் போல்டர் (கயிறில்லாமல் தாழ்வான சுவரில் ஏறுவது), லீட் (கயிறு கட்டி உயரமான சுவரில் ஏறுவது), ஸ்பீட் (யார் வேகமாக ஏறுகிறார் என்பது) மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கம் என்பதால், எதில் கை ஓங்குகிறது என்று பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். ஸ்பீட் என்றால் 15 மீட்டர் சுவர், உலகம் முழுக்க ஒரே மாதிரிப் பிடிகள். அந்தச் சுவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அதை மறந்துவிடுங்கள்.

இப்போது விரல். ஒரு நாள் டீ குடிக்கும்போது அவள் நடுவிரலை மட்டும் கப்பில் படாமல் தூக்கி வைத்திருந்தாள். "ஒண்ணுமில்ல மாமா, டேப் சுத்தினா சரியாயிடும்" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை, எக்ஸ்ரே எடுக்க வைத்தேன், பார்த்தால் நடு மூட்டில் எலும்பு வளரும் இடத்திலேயே விரிசல். வளரும் வயதில் அந்த மூட்டில் வலி வந்தால் டேப் சுற்றிக்கொண்டு ஏறவே கூடாது. கால் இல்லாமல் கையாலேயே தாவி ஏறும் கேம்பஸ் போர்டும் இந்த வயதுக்கு வேண்டாம். அப்புறம் சாப்பாடு. எடை குறைந்தால் ஏறுவது சுலபம் என்று யாராவது காதில் போடுவார்கள், ஆனால் வயிற்றைக் காயப்போட்டால் எலும்பு பலவீனமாகும், பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாயே நின்றுபோகலாம். காவடி விரதம் போட்டி வாரத்தில் வந்தால் பாட்டியிடம் முன்பே பேசிவிடுங்கள். நாங்கள் பேசினோம், பெரிய சண்டை எல்லாம் வரவில்லை.

டர்பன் புழுக்கத்தில், கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பொடி கையிலேயே களியாகிவிடும், திரவ சாக்கை முதலில் பூசிக் காயவிட்டு மேலே பொடி போடுங்கள். காய்ப்பு மேடிட்டால் நகம் தேய்க்கும் ஃபைலால் தேய்த்துவிடுங்கள், விட்டால் பிடியில் மாட்டித் தோல் உரிந்துவிடும்.

போல்டர் இறுதிச்சுற்றில் ஒரு பாதைக்கு 4 நிமிடம், தன் முறை வரும்வரை மற்றவர் ஏறுவதைப் பார்க்கவும் முடியாது. அதனால் ஜிம்மில் அவளைச் சுவருக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, பழக்கமில்லாத பாதை ஒன்றைக் காட்டி டைமரை அழுத்துவேன். மூன்று நிமிடம் தாண்டியதும் நான்தான் பதறுகிறேன், அவள் கீழே நின்று நிதானமாகப் பிடிகளை பிரஷ் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பாள்.