கல்லூரி அணியில் 1500 மீட்டரும் 5000 மீட்டரும் ஓடப்போகிறவர்களுக்கு

அணியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எனக்கு எந்த தூரம் சரிப்படும்?" என்றுதான். முதல் வருடம் அதை முடிவு பண்ண வேண்டாம் என்பேன். 800, 1500, 5000 மூன்றையும் ஓடிப் பாருங்கள். கிராஸ் கன்ட்ரி (மண், புல் தரையில் ஓடும் நீண்ட தூரப் போட்டி) இருந்தால் அதையும் விடாதீர்கள். பள்ளியில் 800-ல் ஜெயித்தவர் கல்லூரியில் 5000-க்கு மாறுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் 800-லேயே உடம்புக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆக்ஸிஜனை வைத்துத்தான் உண்டாகிறது. 1500-ல் அது ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு வந்துவிடும். அந்தத் திறன் வருடக்கணக்கில் வளரக்கூடியது. பதினெட்டு வயதில் இருப்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

அதை வளர்ப்பது ஈசி ரன். நான் எல்லோரிடமும் சண்டை போட்டாவது சொல்வது இந்த ஒன்றைத்தான்: மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாக ஓடுங்கள். வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறீர்கள் என்றால் இரண்டு நாள் கடினமான பயிற்சி, ஒரு நாள் நீண்ட ஓட்டம், மீதி மூன்று நாளும் ஈசிதான். 1500-ஐ 4:30-க்கு (நான்கரை நிமிடம்) ஓடுகிற ஒருவர் ஈசி நாளில் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்தை ஒட்டி ஓடினால் போதும். வாட்ச் இல்லையென்றாலும் பரவாயில்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் நடுவில் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள்.

சொல்ல எளிது, கூட்டமாக ஓடும்போது கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். யாராவது ஒருவர் அரை அடி முன்னால் போவார். பக்கத்தில் இருப்பவர் அவரைச் சமன் செய்யப் பார்ப்பார். இவர் வந்துவிட்டாரே என்று அவர் இன்னும் அரை அடி தள்ளுவார். மூன்றாவது கிலோமீட்டரில் பேச்சு நின்றிருக்கும், செருமலும் மூச்சுச் சத்தமும்தான் கேட்கும். பேச்சு நின்றது தெரிந்த உடனே பின்வாங்குங்கள். சீனியர்கள் போகட்டும், விடுங்கள். அவர்களுடைய ஈசி வேகம் உங்களுக்கு ஈசி இல்லை. திங்கள்கிழமை இப்படி வீணாகச் செலவழித்த கால்களோடுதான் செவ்வாய்க்கிழமை இன்டர்வலுக்கு, அதாவது நடுவே ஓய்வு விட்டு வேகமாக ஓடும் பயிற்சிக்கு, வந்து நிற்பீர்கள்.

கடினமான நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கோச் சொல்வார். பொதுவாக ஒன்று டெம்போ: இருபது நிமிடம், கஷ்டமாக ஆனால் கட்டுக்குள். இன்னொன்று இன்டர்வல்: 5000 ஓடும் வேகத்தில் ஐந்து முறை 1000 மீட்டர், நடுவே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. கடைசி ஆயிரம் முதல் ஆயிரத்தின் நேரத்திலேயே வர வேண்டும். "இன்னொன்றும் ஓடலாம் போலிருக்கிறதே" என்று தோன்றும்போது நிறுத்திவிட்டால் அந்தப் பயிற்சி சரியாக அமைந்தது என்று அர்த்தம்.

சரி, போட்டிக்கு வருவோம். 400 மீட்டர் டிராக்கில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. முதலில் 300 மீட்டர், அப்புறம் மூன்று முழுச் சுற்று. உங்கள் இலக்கு 4:30 என்றால் ஒரு சுற்றுக்கு 72 வினாடி. முடிவுக்கோட்டை முதல் தடவை தாண்டும்போது கடிகாரம் 54 காட்ட வேண்டும். அடுத்து 2:06, அதற்கடுத்து 3:18. இந்த நான்கு எண்களும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வர வேண்டும். 54-க்குப் பதில் 49 பார்த்தால் பதற்றப்படாமல் அடுத்த வளைவில் வேகத்தைத் தணித்துக்கொள்ளுங்கள்.

போட்டி கெட்டுப்போவது பெரும்பாலும் 2:06-க்கும் 3:18-க்கும் நடுவில்தான். தொடக்கத்தின் துடிப்பு தீர்ந்திருக்கும், கடைசிச் சுற்று மணி இன்னும் அடித்திருக்காது. தோள் மெல்ல காதை நோக்கி ஏறும், கை மார்புக்குக் குறுக்கே வர ஆரம்பிக்கும். அதே வேகத்தில் போவதாகத்தான் தோன்றும், ஆனால் 72 எடுத்த சுற்று 76 ஆகியிருக்கும். அந்தச் சுற்றில் ஒருவரைத் தாண்டியே தீருவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டுவதாக நினைத்து ஓடினால்தான் அங்கே அதே வேகம் நிற்கும்.

எங்கே ஓடுகிறோம் என்பதும் முக்கியம். இரண்டாவது லேனில் ஒரு சுற்று போனால் ஏழு மீட்டருக்கு மேல் அதிகம் ஓடியிருப்பீர்கள். அதனால் வளைவில் தாண்டாதீர்கள், நேர்ப்பாதையில் தாண்டுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் 1500 இறுதிப் போட்டியைத் தேடிப் பாருங்கள். நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் முதலிலிருந்தே முன்னால் இழுத்துக்கொண்டு போனார். அமெரிக்காவின் கோல் ஹாக்கர் உள்பக்கமாக நுழையப் பார்த்தார், வழி கிடைக்கவில்லை. அவர் வெளியே சுற்றிப் போகவில்லை. கடைசி நேர்ப்பாதையில் உள்ளே இடம் திறந்ததும் அதே வழியாகப் புகுந்து 3:27.65-ல், ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். இங்கெப்ரிக்ட்சனுக்கு நான்காவது இடம். முதல் மூன்று இடம் பிடித்த ஹாக்கர், ஜோஷ் கெர், யாரெட் நுகூஸ் மூவருமே அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஓடி வளர்ந்தவர்கள். கல்லூரி ஓட்டம் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

5000 பன்னிரண்டரைச் சுற்று. அங்கே ஏழாவது சுற்றிலிருந்து பத்தாவது சுற்று வரை கவனம் சிதறாமல் இருந்தால் மீதியைக் கால் பார்த்துக்கொள்ளும்.

பெண் பிள்ளைகளிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சி கூடும்போது மாதவிடாய் நின்றுபோனால், "நல்லா ஓடினால் அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பல சமயம் அது உடம்புக்குப் போதிய சாப்பாடு கிடைக்கவில்லை என்பதன் அறிகுறி. எலும்பு பலவீனமாகி முறிவு வரை போகும். மருத்துவரைப் பாருங்கள், கோச்சிடமும் சொல்லுங்கள். ஆண்களுக்கும் குறைவாகச் சாப்பிட்டால் இதே எலும்புப் பிரச்சினை வரும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில், ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுரீர் என்று வலித்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. காரணமே தெரியாமல் வாரக்கணக்கில் சோர்வாக இருந்தால் ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டினையும் (உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டுவது) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

தேர்வு வாரத்தில் இன்டர்வலை விட்டுவிடலாம், ஈசி ரன்னை விடாதீர்கள். தூக்கம் போன நாளில் எதையும் வேகமாக ஓட வேண்டாம்.

பெரிய போட்டிக்கு முந்தைய வாரம் ஓடும் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், வேகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான்கு நாள் முன்பு 1500 வேகத்தில் மூன்று முறை 300 மீட்டர் ஓடினால் போதும். முந்தின நாள் இருபது நிமிடம் ஈசி, அப்புறம் நான்கு ஸ்ட்ரைட்ஸ் (கொஞ்ச தூரம் மட்டும் தளர்வாக, வேகமாக ஓடுவது). ஸ்பைக்ஸை (அடியில் ஆணி வைத்த டிராக் ஷூ) போட்டி அன்றைக்குத்தான் முதல் தடவை போடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள், பயிற்சியிலேயே பழகியிருக்க வேண்டும். 2024 நவம்பரிலிருந்து உலக தடகள அமைப்பின் விதிப்படி டிராக் போட்டியில் ஷூவின் அடிப்பாகம் 20 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக்கூடாது. ரோட்டில் ஓடும் தடித்த ஷூவோடு போய் நின்றால் தகுதி நீக்கம் செய்துவிடலாம். போட்டிக்கு 45 நிமிடம் முன்பு வார்ம் அப் தொடங்குங்கள். லேஸில் இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிட்டு, அழைத்ததும் போய் நில்லுங்கள்.