கெலி மீன் தீனியில் புரோபயோட்டிக்: காசைத் தண்ணீரில் கரைக்கும் தவறுகள்

புரோபயோட்டிக் பாட்டிலுக்குள் இருப்பது உயிருள்ள சரக்கு: குடலுக்கு நன்மை செய்யும் கிருமிகள். மீனின் குடலுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் அதற்கு வேலை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர் போன்ற தோட்டப்புற ஊர்களில் கான்வாஸ் தொட்டி போட்டுக் கெலி (கெளுத்தி வகை மீன்) வளர்ப்பவர்கள், அதைப் பாதி வழியிலேயே கொன்றுவிட்டு "சாமான் சரியில்லை" என்று கடைக்காரரைக் குறை சொல்வதுண்டு.

கொல்லும் இடங்களில் முதலாவது பைப் தண்ணீர். அதில் குளோரின் இருப்பதே கிருமியைக் கொல்லத்தான். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று அது தரம் பார்க்காது. கலக்கும் தண்ணீரை வாய் அகன்ற பால்டியில் மூடாமல் ஒரு நாள் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. தோட்டத்துக் காண் (வாய்க்கால்) தண்ணீர் வேண்டாம். செம்பனைக்கு உரம் போட்ட வாரத்திலோ, புல்லுக்கு மருந்தடித்த வாரத்திலோ அதில் என்ன கரைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது இடம் தகரக் கூரை போட்ட ஸ்டோர். நண்பகலில் அதன் உள்ளே இருக்கும் சூட்டில் லாக்டோபேசில்லஸ் கலந்த திரவம் சில வாரங்களில் வெறும் புளித்தண்ணீர் ஆகிவிடும்.

இங்கே வகை தெரிந்திருக்க வேண்டும். பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் போன்றவை வித்தாக உறங்கும். சூட்டையும் உலர்ச்சியையும் நன்றாகவே தாங்கும், தூளாக நெடுநாள் இருக்கும். லாக்டோபேசில்லஸுக்கும் ஈஸ்ட்டுக்கும் அந்தக் கவசம் கிடையாது. வீட்டில் குளிர்ந்த இடம் இல்லை என்றால் பேசில்லஸ் தூளை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். லேபிளில் கிருமியின் பெயர், ஒரு கிராமில் எத்தனை, காலாவதித் தேதி ஆகிய மூன்றும் இல்லாத பாட்டிலைத் தொடவே வேண்டாம். தண்ணீரில் ஊற்றுவதற்கென்று விற்பதைத் தீனியில் கலப்பதும் வீண்: மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியாவை மாற்றும் நைட்ரோசோமோனாஸ் கிருமிக்கு மீனின் வயிற்றில் வேலை எதுவும் இல்லை.

அளவைக் கைப்பிடிக் கணக்கில் போடாதீர்கள். ஒரு கிராம் தீனியில் 10 லட்சம் முதல் 10 கோடி வரை உயிருள்ள கிருமி இருக்கும்படி கலப்பது வழக்கம். லேபிளில் ஒரு கிராமுக்கு 100 கோடி என்று இருந்தால், 1 கிலோ மிதக்கும் பெல்லட்டுக்கு (உருண்டைத் தீனி) 10 கிராம் போட்டாலே ஒரு கிராம் தீனிக்கு 1 கோடி வந்துவிடும். இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு வளரும் என்பது வீண் ஆசை.

கலக்கும் முறையில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 1 கிலோ பெல்லட்டுக்கு 50 முதல் 80 மில்லி தண்ணீர் போதும். தூளை அதில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, அகலமான பேசனில் பெல்லட்டைப் பரப்பி, ஒரு கையால் புரட்டிக்கொண்டே இன்னொரு கையால் தெளியுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் மேலே இருப்பது கூழாகும், அடியில் இருப்பது காய்ந்தே கிடக்கும். நிழலில் 20, 30 நிமிடம் ஊறவிட்டு, பிறகு 10 முதல் 20 மில்லி சமையல் எண்ணெய் விட்டு இன்னொரு முறை புரட்டுங்கள். எண்ணெய்ப் பூச்சு இல்லையென்றால் தீனி தொட்டியில் விழுந்ததுமே கிருமி தண்ணீரில் கழன்றுவிடும். எண்ணெயை முதலில் விட்டால் புரோபயோட்டிக் தண்ணீர் உள்ளே இறங்காது, அதனால் வரிசை மாறக்கூடாது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். உள்ளங்கையில் ஈரம் ஒட்டலாம், மாவு ஒட்டக்கூடாது. பத்துப் பெல்லட்டை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டால் பத்து நிமிடமாவது மிதக்க வேண்டும். மூழ்கினால் தண்ணீர் கூடிவிட்டது. அந்தத் தீனி தொட்டியின் அடியில் அழுகி அமோனியாவாகத்தான் திரும்பி வரும். கலந்ததை அன்றைக்கே போட்டு முடியுங்கள். மிச்சத்தைச் சாக்கில் கட்டி வைத்தால் நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சண நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். காயவைக்கிறேன் என்று வெயிலில் பரப்புவது அதைவிட மோசம்.

இ.எம். (பல நல்ல கிருமிகள் கலந்த திரவம்) வாங்கி மொலாசஸில் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) பெருக்கிக்கொள்வது சிக்கனம்தான். 1 லிட்டருக்கு 50 மில்லி இ.எம்., 50 மில்லி மொலாசஸ், 900 மில்லி குளோரின் இல்லாத தண்ணீர் சேர்த்து, பிளாஸ்டிக் பாட்டிலில் 5 முதல் 7 நாள் வையுங்கள். கண்ணாடிப் பாட்டில் வாயு அடைத்து வெடிக்கும். பிளாஸ்டிக்கிலும் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விட வேண்டும். இனிப்பும் புளிப்பும் கலந்த வாசனையும், பி.எச். தாளில் 4-க்குக் கீழேயும் வந்தால் சரி. மேலே வெள்ளை ஏடு படிந்தால் பெரும்பாலும் ஈஸ்ட்தான், பயமில்லை. பச்சையோ கறுப்போ தெரிந்தாலும், அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலும் கொட்டிவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பெருக்கியதிலிருந்தே மறுபடி மறுபடி பெருக்கிக்கொண்டு போனால், நாலாவது தடவையில் உள்ளே வளர்வது எது என்று யாருக்கும் தெரியாது.

அதே மொலாசஸைத் தொட்டியில் அள்ளி ஊற்றுகிறவர்களும் உண்டு. கிருமிகள் அதைத் தின்னும்போது பிராணவாயுவை இழுக்கும். கெலிக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் மேலே வந்து மூச்சு விட்டுக்கொள்ளும், உடனே சாகாது. அதனால்தான் ஆபத்து கண்ணில் படாமல் போகிறது. அமோனியாவை மாற்றும் கிருமிகளுக்கு அந்த வசதி இல்லை, அவை சுணங்கினால் அமோனியா ஏறும், மீன் தீனி எடுக்காது. காற்று மோட்டார் இல்லாத தொட்டியில் மொலாசஸ் வேண்டாம். மோட்டார் இருந்தாலும் மழை மூட்டமான சாயங்காலத்தில் தவிர்த்துவிடுங்கள்.

புண் வந்த மீனுக்கு புரோபயோட்டிக் மருந்து ஆகாது. ஏரோமோனாஸ் என்ற நோய்க்கிருமி தாக்கி வயிறு வீங்கி, தோலில் சிவப்புப் புண் தெரிந்த பிறகு அதை ஊற்றிக்கொண்டு நாளைக் கடத்தினால் தொட்டியே காலியாகும்; மீன்வள இலாகா அதிகாரியிடம் காட்டுங்கள். ஆன்டிபயாட்டிக் கொடுக்கச் சொன்னால், அந்த நாட்களில் புரோபயோட்டிக்கை நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே தீனியில் கலப்பது ஒரு கையால் நட்டு மறு கையால் பிடுங்குவதுதான். மருந்து முடிந்ததும் மறுபடி ஆரம்பிக்கலாம். இந்தக் கிருமிகள் குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை, நிறுத்தினால் குறைந்துவிடும். ஞாபகம் வந்த நாளில் மட்டும் கொடுப்பதில் பயன் இல்லை.

தீனியை அள்ளிக் கொட்டிவிட்டு புரோபயோட்டிக் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதும் கூடாது. 100 கிராம் மீன் ஆயிரம் இருந்தால் மொத்தம் 100 கிலோ. உடல் எடையில் 3 சதவீதம் தீனி என்றால் ஒரு நாளைக்கு 3 கிலோ, காலை மாலை பிரித்து. 15 நிமிடத்தில் தின்று முடிக்காததை அடுத்த வேளையில் குறைக்க வேண்டும். கோழிக் குடல் போடுகிற தொட்டிக்கு எந்த பாட்டிலும் உதவாது.

பலன் உண்டா என்று அறிய ஒரே குஞ்சு, ஒரே தீனி, ஒரே எண்ணிக்கையில் இரண்டு தொட்டி வைத்து, ஒன்றில் மட்டும் கலந்து பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலும் 30 மீனை எடைபோட்டு எழுதுங்கள். முடிவில், போட்ட தீனியைக் கூடிய எடையால் வகுங்கள்: 120 கிலோ தீனிக்கு 100 கிலோ கூடியிருந்தால் 1.2. கலந்த தொட்டியில் இந்த எண் குறைந்து, மிச்சமான தீனியின் விலை பாட்டில் விலையைத் தாண்டினால் தொடருங்கள். தாண்டவில்லையென்றால் அந்தப் பணத்துக்குக் காற்று மோட்டார் வாங்கலாம்.