சந்தியில் 5ஜி எதிர்ப்புக் கூட்டமா? போய்க் கதைக்க நினைக்கிறவர்களுக்கு

போன மாதம் யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தியில் இருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் இருபது இருபத்தைந்து பேர் பதாகையோடு நின்றார்கள். ஒழுங்கைக்குள் போன் ரவர் ஒன்று வரப்போகிறதாம், அது 5ஜியாம், புற்றுநோய் வருமாம், கொரோனாவும் அதால்தான் வந்ததாம், குருவியெல்லாம் செத்துப்போகுமாம். யாழ்ப்பாணத்துக்கு இந்தப் பயம் புதிசில்லை. 2019இல் நகருக்குள் ஸ்மார்ட் விளக்குக் கம்பம் நட்டபோதும் இதே 5ஜி பேச்சில்தான் சனம் றோட்டுக்கு வந்தது. நான் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே போய்க் கதைத்தேன். முதல் நாள் படுதோல்வி, இரண்டாம் நாள் பரவாயில்லை. நானும் வாறன், எப்படிக் கதைக்கிறது என்று இரண்டு பெடியள் கேட்டதால் எழுதி வைக்கிறேன்.

மின்காந்த அலை என்றால் என்ன என்று இங்கே விளக்கப் போவதில்லை, சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தை ஒருதரம் புரட்டிவிட்டு வாருங்கள், அரை மணித்தியாலம் போதும்.

1. என்ன கொண்டு போவது

தண்ணீர்ப் போத்தல், தொப்பி, ஒரு தடித்த மார்க்கர், கடையில் சும்மா கிடக்கும் காட்போட் மட்டை இரண்டு. அவ்வளவுதான். ஒலிபெருக்கி வேண்டாம், போனில் வீடியோ காட்டவும் வேண்டாம். வெயிலுக்குள் திரை தெரியாது, தெரிந்தாலும் அவர்களிடம் உங்களிடம் இருப்பதை விடக் கனக்க வீடியோ இருக்கும்.

கொப்பியும் பேனையும் கொண்டு போகவே போகாதீர்கள். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒழுங்காகக் குறித்துக்கொண்டு பதில் சொல்லலாம் என நினைத்து, ஓரமாக நின்று கொப்பியில் எழுதத் தொடங்கினேன். பத்து நிமிசத்தில் என்னைச் சுற்றி ஒரு வெற்றிடம். ஒரு அக்கா கிட்ட வந்து, "தம்பி ஆர்? எந்த ஓபிஸ்?" என்றா. எங்கள் ஊரில் ஆர்ப்பாட்டம் நடக்கிற இடத்தில் தெரியாத ஆள் ஒருவர் நின்று குறிப்பெடுத்தால் சனம் என்ன நினைக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. அவ என்னைப் புலனாய்வு என்று நினைத்துவிட்டா. வீட்டு அடையாளம், அப்பாவின் பெயர், படித்த பள்ளிக்கூடம் எல்லாம் சொல்லி முடிக்கவே அரை மணித்தியாலம் போய்விட்டது.

மட்டையில் பெரிய எழுத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதினால் அந்தப் பிரச்சினை வராது. பிழையாக எழுதினால் அவர்களே திருத்துவார்கள், அதுவே கதை தொடங்க நல்ல சாட்டு.

2. யாரோடு கதைப்பது

மைக் பிடித்திருக்கிறவரை விடுங்கள். அவர் இத்தனை பேருக்கு முன்னால் பின்வாங்க மாட்டார், நீங்களாக இருந்தாலும் வாங்க மாட்டீர்கள். ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்து அப்படியே நின்றுவிட்டவர்கள், இவர்களுக்குத்தான் உண்மையான கேள்வி இருக்கும். யாராவது போனில் நேரலை போட்டுக்கொண்டிருந்தால் அது முடியும் வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள்.

3. சொல்வதைப் பிரித்து எழுதுங்கள்

"இந்த ரவரால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீங்கள்?" என்று கேட்டு, வருகிற பதில்களை மட்டையில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதுங்கள். எனக்குக் கிடைத்தது நாலு: எங்களைக் கேட்காமல் கட்டுகிறார்கள், புற்றுநோய் வரும், கொரோனா இதால் வந்தது, குருவி சாகும்.

இந்த நாலும் நாலு விதம். முதலாவது சதிக்கதையே இல்லை, ஊர்ச் சனத்தின் நியாயமான முறைப்பாடு. அதை அந்த இடத்திலேயே, சத்தமாக, "ஓம், இது சரி, கேட்டிருக்க வேணும்" என்று ஒத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போடுங்கள். முதல் நாள் நான் நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டி "எல்லாம் புரளி" என்றேன். அனுமதி பற்றிக் கேட்க வந்தவர்களும் என்னோடு கோபித்துக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டார்கள்.

குருவிக் கதை பெரும்பாலும் சினிமாவில் பார்த்தது, அதில் நேரம் செலவழிக்காதீர்கள். கொரோனாவுக்கு ஒரே ஒரு கேள்வி போதும். 2020 பெப்ரவரியில் யப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் என்ற கப்பலை மறித்து வைத்தார்கள், அதில் இருந்த 3,711 பேரில் எழுநூறுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. யப்பானில் 5ஜி சேவை விற்பனைக்கு வந்தது அடுத்த மாதக் கடைசியில். "அப்ப கப்பலுக்குள்ள எப்படி வந்தது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள், அந்த மௌனம்தான் வேலை செய்யும்.

4. நான் விழுந்த இடம்

புற்றுநோய்க்கு வந்தபோது நான் செய்தது, இணையத்தில் எல்லாரும் செய்வதுதான். "உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நிபுணர்கள் சொல்லுகினம்" என்றேன். எழுபது வயதிருக்கும், வெள்ளை வேட்டி கட்டின ஒரு ஐயா, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஆறுதலாகக் கேட்டார்:

"தம்பி, சுன்னாகத்துக் கிணத்தில எண்ணெய் மிதக்கேக்க உந்த நிபுணர்மார் எங்க நிண்டவை?"

எனக்கு வாய் அடைத்துப்போய்விட்டது. தெரியாதவர்களுக்கு: சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தது. வாளியில் அள்ளினால் மேலே படலமாக நிற்கும். பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சொன்ன படித்தவர்களும் அப்போது இருந்தார்கள். கடைசியில் வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2019 ஏப்ரலில் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதாவது சனம் சொன்னது சரி. இந்த ஊரில் நூலகம் எரிந்ததைக் கண்ணால் கண்ட ஆட்களிடம் போய், மேலிடத்தில் இருப்பவர்கள் கூடிச் சதி செய்ய மாட்டார்கள் என்று ஆரம்பித்தால் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் வேண்டும்.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லத் தெரியாமல், கோபத்தில் இன்னொரு மடைத்தனமும் செய்தேன். "ஐயா, ரவரை விடுங்கோ, நீங்கள் சப்புற வெத்திலை பாக்குத்தான் நிச்சயமாப் புற்றுநோய் தரும்" என்று எல்லாருக்கும் கேட்க அடித்துவிட்டேன். தகவல் சரி. பாக்கும் வெற்றிலைக்கூட்டும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பட்டியலில், புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதலாம் வகுப்பில்தான் இருக்கின்றன, எங்கள் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதும் அதால்தான். ஆனால் நாலு பேர் சிரித்தார்கள், ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதோடு என் கூட்டமும் முடிந்தது.

வீட்டுக்குப் போய் இரவு முழுக்க அந்தச் சுன்னாகக் கேள்வியைத்தான் யோசித்தேன். அடுத்த நாள் அதையே நான் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் ஐயாவிடம் வெற்றிலைக் கதைக்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "ஐயா, நேற்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. சுன்னாகத்தில சனம் சொன்னது சரியெண்டு எப்படி நிரூபிச்சவை?" என்றேன். அவரே சொன்னார்: போத்தலில் தண்ணீர் எடுத்தார்கள், பரிசோதனைக்கு அனுப்பினார்கள், எந்தக் கிணற்றில் இருக்கிறது எதில் இல்லை என்று பார்த்தார்கள். "அப்ப ரவருக்கும் அதே மாதிரிப் பார்ப்பமே? எதை அளந்தால், என்ன வந்தால், நாங்கள் ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ளுவம்?"

இந்தக் கேள்விக்கு வந்து சேரத்தான் இவ்வளவு பாடும். யார் சொன்னது என்ற சண்டை விலகி, எப்படி அளப்பது என்ற கதைக்கு வந்துவிடுவீர்கள். கேட்கும் முன்பு உங்களுக்கும் ஒரு பதில் இருக்க வேண்டும், அவர் திருப்பிக் கேட்பார், கேட்டார். ரவர்கள் கூடக்கூடப் புற்றுநோயும் கூடுகிறது என்று ஒழுங்கான கணக்கு வந்தால் நானும் இந்த மரத்தடியில் வந்து நிற்பேன் என்றேன். அதற்குப் பிறகுதான் கதிரை ஒன்று தந்தார்கள்.

5. 'கதிர்வீச்சு' என்ற சொல்

இது எங்கள் மொழியில் உள்ள கண்ணி. ரவரில் இருந்து வருவதும் கதிர்வீச்சு, எக்ஸ்ரேயும் கதிர்வீச்சு, செர்னோபிலும் கதிர்வீச்சு. அந்தச் சொல் வாயில் வந்தவுடனேயே சனத்துக்குக் கண்ணுக்கு முன்னால் அணுகுண்டு. ஆகவே 'ரேடியோ அலை' என்று மட்டும் சொல்லுங்கள். தமிழ்நாட்டு வீடியோ பார்த்துத் தயார் செய்தவர்கள் 'அதிர்வெண்' என்று சொல்லி முழிக்க வைக்காமல், நாங்கள் படித்த 'மீடிறன்' (அலை ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் அதிர்கிறது என்பது) என்றே சொல்லுங்கள்.

மட்டையில் ஒரு நீளக் கோடு போடுங்கள், மீடிறன் இடமிருந்து வலமாகக் கூடுகிற மாதிரி. இடப்பக்கம் வானொலி, பிறகு வைபையும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹேட்ஸ் அளவில், அதற்குச் சற்றுத் தள்ளி 5ஜி பரவலாகப் பாவிக்கும் 3.5 கிகாஹேட்ஸ். பிறகு வலப்பக்கம் நல்ல தூரத்தில், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். அதன் மீடிறன் 5ஜியை விட ஒரு லட்சம் மடங்குக்கு மேல். அதையும் தாண்டிப் புறஊதாவின் மேற்பகுதிக்குப் போனால்தான் அணுவில் இருந்து இலத்திரனைப் பிய்க்கும் சக்தி வரும், எக்ஸ்ரே அதற்கும் அப்பால். நல்லூர்த் திருவிழாவுக்குக் கட்டும் மின்குமிழின் வெளிச்சம், 5ஜி நிற்கிற இடத்தை விட எக்ஸ்ரேக்குக் கிட்ட நிற்கிறது என்று கோட்டில் காட்டினால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ரேடியோ அலை கூடினால் சூடாக்கும், அதுதான் அறிந்த விளைவு, மைக்ரோவேவில் கறி சூடாவதும் அப்படித்தான். பொதுமக்களுக்கான வரம்புகளை அந்தச் சூட்டை வைத்துத்தான் தீர்மானித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம், "உலக சுகாதார நிறுவனமே 2011இல புற்றுநோய் வரலாம் எண்டு சொன்னதே" என்பார். உண்மை, மறுக்காதீர்கள். அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு ரேடியோ அலைகளை '2பி' என்ற வகுப்பில் போட்டது. அந்த வகுப்பு ஆபத்து எவ்வளவு பெரிது என்று சொல்வதில்லை, ஆதாரம் எவ்வளவு உறுதி என்றுதான் சொல்கிறது. 2பி என்றால் ஆதாரம் மெலிது, முழுதாகத் தள்ளவும் முடியவில்லை. ஆசிய முறையில் போடும் மரக்கறி ஊறுகாயும் அதே வகுப்பில் இருக்கிறது. ஊறுகாய் என்றதும் சிரிப்பு வரும். இந்தச் சிரிப்பு யாரையும் சுடாது, தாராளமாகப் பாவியுங்கள்.

6. மீற்றர் வைத்திருப்பவர்

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இணையத்தில் வாங்கின சின்ன மீற்றர் ஒன்று வைத்திருப்பார், பழைய ரவர்ப் பக்கம் நீட்டுவார், அது கீச்சிடும். பறித்து வாதாட வேண்டாம். "அண்ணை, உங்கட போனில ஆருக்காவது ஒரு கோல் எடுத்து இதுக்குப் பக்கத்தில பிடியுங்கோ" என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் ரவருக்குக் காட்டினதை விடப் பலமடங்கு ஏறியது, அவரே சிரித்துவிட்டார். நீங்கள் இந்த மீற்றர் வாங்காதீர்கள், மலிவானவை கையை அசைத்தாலே ஒவ்வொரு இலக்கம் காட்டும், காசு வீண்.

7. எப்போது கிளம்புவது

ஒரே கேள்வி மூன்றாம் தரம் வந்தால், அல்லது உங்களுக்குக் கோபம் வந்தால். பக்கத்துக் கடையில் பிளேன்ரீ குடிக்கக் கூப்பிடுங்கள், வந்தால் அங்கே கதையுங்கள். மட்டையை விட்டுவிட்டு வாருங்கள், வாசிப்பார்கள்.

பிற்சேர்க்கை 1: நான் கூட்டத்தில் "ரவருக்குக் கிட்டப் போகப்போக அலை கூடும்" என்று சொன்னதாக முதலில் எழுதியிருந்தேன். தொலைத்தொடர்பு வேலை செய்யும் வாசகர் ஒருவர் திருத்தினார்: அன்ரனா பக்கவாட்டாகத்தான் அனுப்பும், ஆகவே சரியாக ரவரின் காலடியில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இன்னொன்றும் சொன்னார், ரவர் தூரமாக இருந்தால் உங்கள் போன் கூடின வலுவோடு அனுப்பும், காதில் வைத்திருப்பது அந்தப் போனைத்தான். நல்ல தகவல், ஆனால் எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள், கொம்பனிக்கு ஆள் வந்திருக்கிறான் என்பார்கள்.

பிற்சேர்க்கை 2: சாவகச்சேரிப் பக்கத்தில் இருந்து ஒருவர், எங்கள் கூட்டத்தில் ரவர் இல்லை, பிள்ளை பிறக்காமல் செய்ய மருந்து கலக்கிறார்கள் என்ற கதைதான் ஓடுகிறது, அதற்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார். இதிலும் எதை அளந்தால் ஒத்துக்கொள்ளுவம் என்று கேட்கிற நாலாவது படிதான். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடைக் குளிசை கலந்தார்கள் என்று கதை கட்டி, கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. சுன்னாகத்தில் சனத்தின் பக்கம் நின்ற அதே மாதிரியான பரிசோதனை, அம்பாறையில் கதையைப் பொய் என்று காட்டியது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், ஒன்றை மட்டும் சொன்னால் எடுபடாது.

பிற்சேர்க்கை 3: வெற்றிலை ஐயா போன கிழமை சந்தையடியில் என் சைக்கிளை மறித்தார். புற்றுநோய் விசயத்தில் இன்னும் பாதிச் சந்தேகம் என்றார், பரவாயில்லை. எங்களைக் கேட்காமல் கட்டுகிறார்கள் என்ற முதலாவது முறைப்பாட்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையிடம், அந்த ரவருக்கு யார், எப்போது, எந்த நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது என்று கேட்டு இரண்டு பேருமாகக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இன்றைக்கு ஒன்பதாவது நாள்.