ரிதம் கிட்டாரை இரண்டு தடவை வாசியுங்கள், காப்பி-பேஸ்ட் வேண்டாம்

ரிதம் கிட்டார் (பாட்டுக்குப் பின்னால் கார்டுகள் வாசிக்கிற கிட்டார்) மிக்ஸில் அகலமாகக் கேட்க வேண்டுமென்றால் அதே பகுதியை முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்துப் பதிய வேண்டும், ஒரு டேக்கை, அதாவது ஒரு பதிவை, இடக்கோடிக்கும் மற்றதை வலக்கோடிக்கும் பேன் செய்ய வேண்டும், அதாவது அந்தந்தப் பக்கத்து ஸ்பீக்கருக்கு ஒதுக்க வேண்டும். ஒரே டிராக்கை காப்பி செய்து இரண்டு பக்கமும் போட்டால் இரண்டு ஸ்பீக்கரிலும் வருவது ஒரே சிக்னல்தான், காதுக்கு அது நடுவிலேயே நிற்கும், சத்தம் மட்டும் கூடும்.

காப்பியை 15 மில்லி செகண்ட் தள்ளி வைத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஹெட்ஃபோனில் அகலமாகத்தான் தெரியும், ஆனால் முந்தி வரும் பக்கமாகச் சாய்ந்திருக்கும், மோனோவில் (இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து) போட்டால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டு கிட்டார் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். 1966இல் லண்டன் ஈஎம்ஐ ஸ்டூடியோவில் என்ஜினியர் கென் டவுன்சென்ட் டேப் மெஷினை வைத்துக் குரலை இரட்டிப்பாக்கியபோதுகூட மெஷினின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டேதான் அதைச் செய்ய முடிந்தது. மனுஷக் கைக்கு அந்தச் சின்ன வித்தியாசம் தானாகவே வரும்.

ஆனால் வித்தியாசம் என்பது தப்பு வாசிப்புக்குச் சாக்கு இல்லை. கிளிக் (தாளத்துக்கு டிக் டிக்கென்று அடிக்கும் மெட்ரோனோம்) கட்டாயம். முதல் டேக்கை இடது காதில் விட்டு, வாசிப்பதை வலது காதில் கேட்டுக்கொண்டே பதியுங்கள், எங்கே பிசகுகிறது என்று உடனே தெரியும். குறிப்பாக கார்டு முடிகிற இடம்! ஆரம்பத்தை எல்லோரும் சரியாகப் பிடிப்பார்கள், நிறுத்துவதில்தான் ஒரு பக்கம் நின்றபின் மறுபக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டியூன் பாருங்கள். டிஸ்டார்ஷன் என்றால் தனியாக வாசிக்கும்போது வைக்கிற கெயினை (கரகரப்பின் அளவை) விடக் குறைத்து வையுங்கள், இரண்டு டேக்கின் கரகரப்பும் சேர்ந்தால் பாம் மியூட்டின் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பதன்) வெட்டே தெரியாமல் போய்விடும்.

இரண்டாவது டேக்குக்கு பிக்கப்பையோ (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பாகம்) ஆம்ப்பையோ மாற்றினால் இன்னும் விரியும். அக்கூஸ்டிக்கில் எனக்குப் பிடித்த வழி கேப்போ, அதாவது கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் அமுக்கிப் பிடிக்கிற கிளிப்: ஒரு டேக்கில் சாதாரண ஜி கார்டு, இன்னொன்றில் ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி வடிவம், அதுவும் ஜி-தான், ஆனால் மேலே மினுங்கும்.

பேன் அளவு? இரண்டே டேக் என்றால் தயங்காமல் முழுக்கோடி. நான்கு டேக் இருந்தால் இரண்டாவது ஜோடியை 70, 80 சதவீதத்தில் கொஞ்சம் சத்தம் குறைத்து வைக்கலாம். பல்லவியில் முழு அகலம் வேண்டுமானால் சரணத்தில் 50க்குச் சுருக்கிப் பாருங்கள், அந்த வேறுபாடே பல்லவியைத் தூக்கிக் கொடுக்கும். பேஸ், கிக், குரல் நடுவில், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் மோனோ பட்டனை அழுத்துங்கள். கோடியில் இருக்கிற கிட்டார்கள் நடுவில் இருப்பவற்றோடு ஒப்பிட்டால் சுமார் 3 டெசிபல் இறங்கும், அது இயல்பு. பாதி காணாமல் போனால் எங்கோ தள்ளி வைத்த காப்பி டிராக் ஒளிந்திருக்கிறது, அல்லது ஸ்டீரியோ வைடனர் (சத்தத்தைச் செயற்கையாக அகலப்படுத்துகிற) பிளக்-இன் எதையோ போட்டிருக்கிறீர்கள். கழற்றிவிட்டு மறுபடி கேளுங்கள்.