மிளகோடு ஒரு ஐப்பசி நடை: ஹவ்கில் மேடுகளுக்கு நாயைக் கூட்டிப் போவது எப்படி

முதலில் வீட்டுக் கூடத்திலேயே நாயைத் தூக்கிப் பாருங்கள். முதுகில் பை, காலில் பூட்ஸ், எல்லாம் போட்டுக்கொண்டுதான். தூக்கிக்கொண்டு ஐம்பது அடி நடக்க முடிகிறதா? என் மிளகு 22 கிலோ. பார்டர் கோலியும் லாப்ரடாரும் கலந்த பிறவி. உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 'ள' வராது, அவர் வாயில் அவள் 'மில்லி'. இரண்டு பெயருக்கும் வாலாட்டுவாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறிப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது: மலையில் எனக்குக் கால் பிசகினால் விசில் ஊதலாம், அவளுக்குப் பிசகினால் கீழே இறக்கும் வண்டி நான்தான். அன்றே நாயைச் சுமக்கும் தோள்தூளி ஒன்று வாங்கினேன். ஒரே ஒரு முறைதான் அதற்கு வேலை வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் வட இங்கிலாந்தில், கெண்டல் என்ற ஊரில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, பாதி நாள் இரவுப் பணி. அதனால் என் ஞாயிற்றுக்கிழமை செவ்வாயிலோ புதனிலோ வரும். மலைக்கு அது நல்லதாகப் போயிற்று. மேற்கே பதினைந்து கிலோமீட்டரில் விண்டர்மியர் ஏரி, அங்கே வார நாளிலும் கார் நிறுத்த இடம் தேட வேண்டும். கிழக்கே ஏறக்குறைய அதே தூரம் போனால் செட்பர் என்ற சிற்றூர். அதன் முதுகுக்குப் பின்னால் ஹவ்கில் மேடுகள். எம்6 நெடுஞ்சாலையில் ஸ்காட்லாந்துக்குப் போனவர்கள் டீபே நெருங்கும்போது வலப்பக்கம் பார்த்திருப்பீர்கள்: பாறை தெரியாமல், மரம் இல்லாமல், புல் போர்த்திக்கொண்டு உருண்டு கிடக்கும் மலைகள். அவற்றைப் பார்ப்பவர்கள் ஆயிரம் பேர் என்றால் ஏறுகிறவர்கள் ஒருவரோ இருவரோதான். போன அக்டோபரில் ஆறு மணி நேரம் நடந்ததில் நான் பார்த்த மனிதர்கள் மூன்று பேர்.

இங்கே மலைக்கு 'ஃபெல்' என்று பெயர். வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். ஓடைக்கு 'பெக்', ஓடை அறுத்த இடுக்குக்கு 'கில்', இவையும் அவர்கள் சொற்கள்தான். வரைபடத்தைப் படிக்க இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வரைபடம் என்றதும் ஒன்று. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்19 தாளை வாங்குங்கள். கைப்பேசிச் செயலி போதாதா என்று கேட்பீர்கள். யார்க்‌ஷைர் டேல்ஸ் வட்டாரத்தின் மற்ற மலைகளில் வழி தவறினால் ஒரு கல்சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கிவிடலாம். ஹவ்கில்லின் மேல்பகுதி பொது மேய்ச்சல் நிலம். சுவரும் கிடையாது, வேலியும் கிடையாது. நடு முகட்டிலிருந்து நாலா பக்கமும் கிளை பிரிகிறது, ஒவ்வொரு கிளையும் மற்றதைப் போலவே இருக்கும். கால் தவறி விழுகிற செங்குத்துப் பாறை கோட்லி அருவிப் பக்கம் மட்டும்தான். ஆகவே இந்த மலையில் விழுவதைவிட, பத்திரமாக, சொகுசாக, தப்பான பள்ளத்தாக்கில் இறங்கிப் போவதுதான் ஆபத்து.

அது எனக்கு நடந்ததுதான். வழியைச் சொல்லிக்கொண்டே அதையும் சொல்கிறேன்.

காரை செட்பர் ஊருக்குள் நிறுத்திவிட்டு ஹவ்கில் லேன் வழியாக லாக்பேங்க் பண்ணைக்கு நடக்க வேண்டும். பண்ணை முற்றத்தைத் தாண்டினால் மலைக் கதவு. கதவுகளை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் கை வைக்காதீர்கள். கதவு தாண்டியதும் ஏற்றம் நெஞ்சைப் பிடிக்கும். பெரணி இந்த மாதத்தில் பச்சை போய் செம்புக் குடத்தின் நிறத்தில் சாய்ந்து கிடக்கும். அதற்குள் நாயை விடாதீர்கள், உண்ணி அங்கேதான் காத்திருக்கிறது. முதல் உச்சி விண்டர், 473 மீட்டர். மூச்சு வாங்க அங்கே நில்லுங்கள், ஊர் முழுக்கக் காலடியில் தெரியும். அப்புறம் ஆரன்ட் ஹா, 605. பிறகு ஒரு சிறு இறக்கம், மறுபடி ஏற்றம், கால்டர்ஸ் 674. அங்கிருந்து பிராம் ரிக் டாப் வழியாக எல்லாவற்றிலும் உயரமான தி காஃப், 676 மீட்டர். கால்டர்ஸ் ஏறிய பிறகு சமவெளி மாதிரிதான், நாய்க்கும் உங்களுக்கும் கால் ஆறும்.

காஃபில் ஒரு வெள்ளைத் தூணும் பக்கத்தில் ஒரு சின்னக் குட்டையும் இருக்கின்றன. தெளிவான நாளில் மேற்கே ஏரிநாட்டு மலைகள் வரிசையாக நிற்கும், தென்மேற்கே மோர்கம் விரிகுடா தகரத் தட்டு போல மின்னும். மூடுபனி நாளில் உங்கள் கையும் நாயின் வாலும் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

இங்கேதான் கவனம் வேண்டும். காஃபிலிருந்து வடகிழக்கே நன்றாகத் தேய்ந்த பாதை ஒன்று போகிறது. சிறிது தூரத்தில் வலப்பக்கம் ஒரு மெல்லிய தடம் பிரிந்து கோட்லி அருவியின் தலைக்கு இறங்கும். அகலப் பாதை நேராக பௌடர்டேல் என்ற நீண்ட பள்ளத்தாக்குக்குள் போய்விடும். மூன்று வருடம் முன்பு, மூடுபனியில், அகலப் பாதையைப் பார்த்ததும் இதுதான் என்று கால் தானாகப் போயிற்று. அரை மணி நேரம் ஓடையோடு பேசிக்கொண்டே இறங்கினேன். பனி விலகியதும் பக்கத்தில் இருக்க வேண்டிய அருவியைக் காணோம். திசைகாட்டியை எடுத்தேன். ஓடை வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. கோட்லித் தண்ணீர் கிழக்கே பாய வேண்டும்.

நாய்க்கு வழி தெரியும் என்று சொல்வார்கள். மிளகுக்கு ஆட்டுப் புழுக்கை இருக்கும் இடம் தெரியும், அவ்வளவுதான். திரும்பி ஏறலாம் என்று பார்த்தால் அவள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பாத மெத்தையில் கூரிய கல் கீறியிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணி வைத்து, ஒட்டும் கட்டுத்துணியைச் சுற்றி, மேலே என் ஒற்றைக் காலுறையை மாட்டினேன். கட்டை இறுக்கிவிடக் கூடாது. சுற்றிய பிறகு உங்கள் சுண்டுவிரல் உள்ளே நுழைய வேண்டும். கொஞ்ச தூரம் நொண்டினாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். தூளி வெளியே வந்தது. பள்ளத்தாக்கின் வாய்க்கு வந்து சேரும்போது நன்றாக மசங்கிவிட்டது. அங்கிருந்து என் கார் நிற்கும் செட்பருக்கு மலையைச் சுற்றிச் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வாடகைக் கார்க்காரர் சேறு படிந்த நாயைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இருக்கைக்கு நான்தான் துண்டு விரித்தேன்.

ஆகவே: காஃப் தூணில் நின்று, கிளம்பும் முன், திசைகாட்டியைக் கையில் எடுங்கள். அருவிப் பக்கம் இறங்கத் தொடங்கிய பத்து நிமிடத்தில் ஓடும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வடக்கு என்றால் திரும்பி ஏறுங்கள். மூடுபனி விலகாது என்று தோன்றினால் அருவியே வேண்டாம். வந்த முகட்டு வழியே செட்பருக்குத் திரும்பிவிடுவதில் ஒரு குறையும் இல்லை.

சரியாக இறங்கினால் கோட்லி ஸ்பௌட் கிடைக்கும். ஒரே பாய்ச்சலாக விழும் அருவி இல்லை, தாவித் தாவி ஏறத்தாழ 200 மீட்டர் இறங்கும் நீர்ச்சரிவு. பக்கத்தில் கல் பாவிய படிகள் உண்டு. ஈரத்தில் வழுக்கும். இடுப்புப் பட்டையில் வாரைக் கோத்து நடக்கும் பழக்கம் இருந்தால் இங்கே கழற்றிவிடுங்கள். ஏற்றத்தில் நாய் உங்களை இழுத்துப் போகும் சுகம், இறக்கத்தில் உங்களைக் குப்புறத் தள்ளும். வாரைக் கையில் பிடித்து, நாயை உங்களுக்குப் பின்னால் வரப் பழக்குங்கள். நான் ஒரு துண்டு வேகவைத்த கோழியை முதுகுப்பக்கக் கையில் வைத்துக்கொள்வேன். மிளகு அதை விட்டு முன்னே போகமாட்டாள். கீழே ராதே ஆறு. அதைக் கடக்காமல், மலையடிவாரப் பண்ணைகளின் வழியாக மேற்குக் கரையோடு ஊருக்குத் திரும்பலாம்.

மொத்தம் சுமார் 16 கிலோமீட்டர், ஏற்றம் 700 மீட்டருக்கு மேல். நேரக் கணக்குக்கு நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன விதியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. அப்படிப் பார்த்தால் நாலரை மணிக்குள் முடிய வேண்டும். நாயோடு முடியாது. ஆட்டு மந்தையைச் சுற்றிப் போக வேண்டும், ஒவ்வொரு ஓடையிலும் நிற்க வேண்டும். ஆறு மணி நேரம் வையுங்கள். பிறகு இருட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அக்டோபர் நடுவில் சூரியன் ஆறேகால் வாக்கில் விழும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும், நவம்பர் தொடக்கத்தில் நாலரைக்கே விழுந்துவிடும். நான் ஒன்பதுக்குக் கிளம்புவேன். ஒரு மணிக்குள் காஃபைத் தொடாவிட்டால் வந்த வழியே திரும்புவேன், எவ்வளவு அழகான நாளாக இருந்தாலும்.

ஆடுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மலையைப் பற்றிப் பேச முடியாது. சட்டப்படி இந்தத் திறந்த மேய்ச்சல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய் 2 மீட்டருக்கு மிகாத வாரில் இருக்க வேண்டும். கால்நடைக்குப் பக்கத்தில் என்றால் வருடம் முழுவதும். இலையுதிர்காலம்தானே, அவிழ்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஹவ்கில்லில் 'கால்நடைக்குப் பக்கத்தில்' இல்லாத இடம் எது? நான் கதவிலிருந்து கதவு வரை வாரிலேயே வைத்திருக்கிறேன். இழுத்தால் நீளும் உருளை வார் கூடாது, நிலையான நீளம் வேண்டும். ஆட்டைத் துரத்தும் நாயைச் சுடப் பண்ணைக்காரருக்குச் சில சூழ்நிலைகளில் சட்டமே இடம் தருகிறது. மிளகு உடம்பில் கோலி ரத்தம் பாதி. ஆட்டைக் கண்டால் வயிறு தரையில் உரசத் தாழ்ந்து, ஒரு காலைத் தூக்கி, உறைந்து நிற்பாள். பார்க்க அழகு. அந்த நொடியில் வாரை ஒரு சுற்று கையில் சுற்றிக்கொள்ள வேண்டும்.

அக்டோபரில் பண்ணைக்காரர்கள் மந்தையைக் கீழே இறக்குவார்கள். நாலு சக்கர பைக் சத்தமும் விசிலும் கேட்டால் ஓரமாகப் போய் நாயோடு உட்காருங்கள். உங்கள் நாய் ஒரு முறை குரைத்தால் அவர்களுடைய இரண்டு மணி நேர வேலை சிதறிப்போகும். நவம்பரில் கிடா சேர்ப்பார்கள். கிடாவின் நெஞ்சில் சாயம் பூசியிருப்பதால், அது ஏறிய பெட்டையின் பிட்டத்தில் நிறம் ஒட்டும். இரண்டு வாரம் போனதும் சாயத்தை மாற்றுவார்கள், எந்தப் பெட்டை எப்போது ஈனும் என்று கணக்குத் தெரிய. நீலமும் சிவப்புமாய் பின்பக்கம் வர்ணம் பூசிய ஆடுகளைப் பார்த்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். பாதி காட்டுத்தனமாகத் திரியும் குதிரைகளும் மேலே உண்டு. தொலைவிலேயே சுற்றிப் போங்கள். கீழ் வயல்களில் மாடு துரத்தினால் மட்டும் விதி தலைகீழ்: வாரை விட்டுவிடுங்கள். மாடு குறிவைப்பது நாயைத்தான். அது ஓடித் தப்பிவிடும், நீங்கள் ஓட முடியாது.

சாப்பாடு எனக்குப் புளியோதரை. அவளுக்கு உப்புப் போடாத கோழிச்சோறு, காலையில் கொஞ்சம், காஃபில் கொஞ்சம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. உங்கள் எலுமிச்சைச் சோற்றில் வெங்காயம் போட்டிருந்தால் ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள், எப்படிப் பார்த்தாலும் சரி. முகட்டில் ஓடை கிடையாது, அவளுக்கென்று ஒரு லிட்டர் தண்ணீர் என் பையில். உச்சியில் ஊரைவிட நாலு டிகிரி குறைவு, காற்று தனி. நடக்கும்போது தெரியாது, உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் ஈர நாய் நடுங்கும். அவளுக்கு ஒரு கோட்டு, உட்கார ஒரு பழைய யோகா பாய்த் துண்டு. தலைவிளக்கு, அவள் கழுத்துக்கு ஒளிரும் பட்டை, விசில். உதவிக்கு ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி. சிக்னல் பேசப் போதாத இடத்திலும் குறுஞ்செய்தி சில நேரம் போகும். 'ரெஜிஸ்டர்' என்று இங்கத்திய அவசர எண்ணான 999-க்கு முன்கூட்டியே அனுப்பிப் பதிந்துவைத்தால் அவசரத்தில் அந்த வழியும் திறக்கும். அழைக்கும்போது முதலில் போலீஸைக் கேட்டு, அவர்களிடம் மலைமீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். நாயின் மலத்தைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள். மலைதானே என்று விட்டால் அதிலிருக்கும் நாடாப்புழு முட்டை புல் வழியாக ஆட்டுக்குப் போகும்.

காருக்கு வந்ததும் சூடு போடாதீர்கள், முதலில் துடையுங்கள். பிறகு விளக்கு வெளிச்சத்தில் விரல் நுனியால் தடவிப் பாருங்கள்: காது மடிப்பு, அக்குள், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி. எள் அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் உண்ணி. எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது, ஊரில் பார்த்த வித்தை எதுவும் வேண்டாம். கொக்கி போன்ற உண்ணி நீக்கியைத் தோலோடு ஒட்ட நுழைத்து, இழுக்காமல் திருகுங்கள், தலையோடு கழன்று வரும். போன முறை மிளகிடம் நாலு, என் முழங்காலுக்குப் பின்னால் ஒன்று. என்னுடையதைத்தான் மறுநாள் இரவுப் பணியில் கூடவேலை செய்யும் பெண் கண்டுபிடித்தாள்.

அடுத்த நாள் மிளகு மாடிப்படி ஏறமாட்டாள். கீழேயே படுக்கை போட்டுவிடுவேன். மாலையில் தெருமுனை வரை ஒரு நடை, அதோடு சரி.